எழுத்து முடிஞ்சுது, கலியாணம் முடியேல்லை

"இதற்கு முன் உங்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறதா?"

மலர் யோசிக்கவே இல்லை. "ஆகியிருக்கிறது" என்றாள்.

எதிரே இருந்த வெள்ளைக்கார அம்மாளின் பேனா நின்றது. "யாருடன்?"

மலர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையைக் காட்டினாள். "இவருடன்தான்."

போன மாதம் சிட்னியின் பாரமட்டாவில், என் கண்ணெதிரே நடந்த பேச்சு இது. சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவன் நான். கையெழுத்துக்கு வேலையே வரவில்லை.

இந்த ஊரில் சர்ச்சுக்குப் போகாமல் கல்யாணம் செய்துகொள்ளலாம். அதைப் பதிந்து கொடுக்க அரசாங்கமே சில பேருக்கு லைசென்ஸ் கொடுத்திருக்கிறது. அந்த அம்மாள் அப்படிப்பட்டவர். நல்லவர், டீ கொடுத்தார், பிஸ்கட் கொடுத்தார். கடைசியில், "ஏற்கெனவே கல்யாணமானவர்களுக்கு நான் எப்படிக் கல்யாணம் செய்து வைப்பது? குடியேற்ற ஆபீஸில் போய்ப் பேசுங்கள்" என்று வருத்தத்தோடு ஃபாரத்தை மூடிவிட்டார்.

மாப்பிள்ளை யோகநாதன் என்னோடு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்ப்பவர். யாழ்ப்பாணத்துக்காரர். கல்யாணத்துக்காகவே மலரை ஊரிலிருந்து வரவழைத்திருந்தார். மூன்று மாதத்துக்குள் கல்யாணம் செய்து, சர்டிபிகேட்டைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பெண் திரும்பிப் போக வேண்டும். மூன்றில் இரண்டு மாதம் ஓடியிருந்தது.

காரில் ஏறியதும் கேட்டேன். "ஏம்மா, கல்யாணம் ஆயிடுச்சுன்னு ஏன் சொன்ன?"

"எழுத்து முடிஞ்சுது அண்ணை. கலியாணம்தான் இன்னும் முடியேல்லை."

எழுத்தா? நான் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். எனக்கு எழுத்து என்றால் அ, ஆ, இ, ஈ... கூடிப்போனால் தலையெழுத்து.

யோகநாதன்தான் விளக்கினார். அவர்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசி முடித்ததும் பதிவுகாரரை வீட்டுக்கே அழைத்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்களாம். அதற்குப் பெயர் எழுத்து. அதன்பின் மாப்பிள்ளை தன் வீட்டுக்கு, பெண் தன் வீட்டுக்கு. ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து நல்ல நாள் பார்த்துத் தாலி கட்டுவார்கள். அதுதான் கலியாணம். இவர் எழுத்து முடிந்த கையோடு வேலைக்காக சிட்னிக்கு விமானம் ஏறிவிட்டார். தாலி கட்டப் போக லீவு கிடைக்கவில்லை. சரி, இங்கேயே கட்டலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள்.

"அவளைக் கூப்பிட எழுதிக் குடுக்கேக்க, மனுசியா, முடிக்கப்போற பெட்டையா எண்டு கேட்டவை. முடிக்கப்போறவள் எண்டு சொன்னனான். ஊரில ஆரைக் கேட்டாலும் அப்பிடித்தான் சொல்லுவினம், அண்ணை."

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். இந்த மனிதர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அதுவே வினையாகிவிட்டது. சட்டத்தின் கண்ணில் மலர் அவருடைய மனைவி. அவரோ மனைவி இல்லை, இனிமேல்தான் கட்டிக்கொள்ளப் போகிறவள் என்று எழுதிக் கொடுத்து அழைத்து வந்திருக்கிறார். பொய் சொன்னீர் என்று குடியேற்ற ஆபீஸ்காரர்கள் முடிவு கட்டினால்? மலரோடு இவரையும் சேர்த்து அனுப்பிவிட்டால்?

ஒர்க்‌ஷாப்பில் ஒரு நண்பர் சுலபமான வழி சொன்னார். வேறு பேட்டையில் வேறு ஒருவரிடம் போய், முன்பு கல்யாணம் ஆகவில்லை என்று சொன்னால் முடிந்தது. யாருக்குத் தெரியப்போகிறது?

யோகநாதன் அந்த ஞாயிற்றுக்கிழமை அதை எங்கள் வீட்டில் மெதுவாக எடுத்தார். சாதத்தில் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்த மலர் கரண்டியை நிறுத்தினாள்.

"அப்பாவுக்கு முன்னால கையெழுத்து வைச்சனான். அதை இல்லையெண்டு சொல்லிப்போட்டு, பிறகு நீங்கள் கட்டுற தாலிக்கு என்ன மரியாதை?"

அதன்பின் யோகநாதன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். குழம்பும் அன்று கொஞ்சம் காரம்தான்.

மறுவாரம் மூன்று பேரும் நகரத்துக்கு ரயில் ஏறினோம். குடியேற்ற ஆபீஸில் எங்களுக்கு வாய்த்தவர் செம்பட்டைத் தாடிக்காரர். ஃபைலைப் புரட்டப் புரட்ட அவர் நெற்றி சுருங்கியது. மலர்தான் பேசினாள்.

"கையெழுத்துப் போட்டோம். அவர் தன் வீட்டுக்குப் போனார். நான் என் வீட்டில் இருந்தேன். தாலி கட்டிய பிறகுதான் சேர்ந்து வாழ்வோம்."

"இப்போது எங்கே இருக்கிறீர்கள்?"

"மெரிலேண்ட்ஸில், இவர் வீட்டில்" என்று என்னைக் காட்டினாள்.

தாடி என் பக்கம் திரும்பியது. "இவர் யார்?"

"என் அண்ணன்."

"கூடப்பிறந்தவரா?"

"இல்லை. இவர் இந்தியா, நான் சிலோன்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கல்யாணமானவள், கல்யாணமாகாதவள்; புருஷன் ஒரு வீட்டில், அவள் இன்னொருவன் வீட்டில்; அண்ணன், ஆனால் வேறு தேசம். பாவம், அவருக்கும் ஒரு மண்டைதானே இருக்கிறது?

நான் இடையில் புகுந்தேன். மலர் என் மகளின் அறையில் படுக்கிறாள் என்றேன். யோகநாதன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாப்பிட வருவார், இருட்டுவதற்குள் என் மனைவி கமலா அவர் கையில் குடையைக் கொடுத்துக் கிளப்பிவிடுவாள் என்றேன். மழை இல்லாத நாளிலும்.

தாடிக்காரர் என்னையே பார்த்தார். பிறகு யோகநாதனிடம் கேட்டார். "சட்டப்படி இவர் உன் மனைவி. இரண்டு மாதமாக இதே ஊரில் இருக்கிறார். நீ சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறாயா?"

"எஸ் சார்" என்றார் யோகநாதன். அதைவிடச் சோகமான ஒரு எஸ் சாரை நான் கேட்டதில்லை.

அப்போதுதான் அந்த மனிதர் சிரித்தார். "இந்த ஊரில் பாதிப் பேர் காகிதம் இல்லாமல் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். நீங்கள் காகிதத்தை வைத்துக்கொண்டு தனித்தனி வீட்டில் வாழ்கிறீர்கள்."

ஃபைலோடு உள்ளே போனார். மேலதிகாரியிடம் கேட்க வேண்டுமாம். நாங்கள் காத்திருந்தோம். யோகநாதன் கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். மலர் மட்டும் அசையாமல் உள்கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. "ஏமாற்ற நினைத்தவன் தனியாகப் படுத்திருக்க மாட்டான் என்கிறார் எங்கள் பெரியவர். ஊரிலிருந்து அந்தச் சர்டிபிகேட்டை வரவழைத்துக் கொடுங்கள். அதுவரை உங்கள் மனைவி இங்கேயே இருக்கலாம்."

உங்கள் மனைவி. அந்த வார்த்தையைக் கேட்டதும் மலர் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தாள். எழுத்து அன்றைக்குக்கூட அவளை யாரும் அப்படிச் சொல்லவில்லையாம். பிறகு கமலாவிடம் சொல்லியிருக்கிறாள்.

சர்டிபிகேட் ரிஜிஸ்டர் தபாலில் வந்து சேர்ந்தது. போன சனிக்கிழமை எங்கள் முன்னறையில் சோபாவை வெளியே தள்ளிவிட்டுத் தாலி கட்டினார்கள். கோயில் இல்லாத ஊர். மந்திரம் தெரிந்த கணக்கர் ஒருவர்தான் ஐயர். டேப் ரெகார்டர்தான் நாதஸ்வரம்... தாலி ஏறும் நேரத்தில் டேப் சுற்றிக்கொண்டது. எல்லோரும் கைதட்டிச் சமாளித்தோம். பாரமட்டா அம்மாளையும் அழைத்திருந்தோம். வடையைக் கடித்துக்கொண்டே, "ஆக, இவர்களுக்கு இன்றைக்குத்தான் கல்யாணமா?" என்றார். ஆமாம் என்றோம். அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. அனுபவசாலி.

பொழுது சாய்ந்ததும் மலர் பெட்டியோடு விடைபெற வந்து நின்றாள். "போட்டு வாறன் அக்கா."

கமலா பழக்கதோஷத்தில் யோகநாதனிடம் குடையை நீட்டினாள். "இண்டைக்கு நனைஞ்சாலும் பரவாயில்லை அக்கா" என்றார் அவர்.

வீடு ஓய்ந்தது. சோபாவை உள்ளே இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். கமலா திடீரென்று கேட்டாள். "ஏங்க, நம்ம சர்டிபிகேட் எங்க இருக்கு?"

"எந்தச் சர்டிபிகேட்?"

"நம்ம கல்யாண சர்டிபிகேட்."

யோசித்துப் பார்த்தேன். நாதஸ்வரம் இருந்தது. மூன்று பந்தி நடந்தது. பாயசம் பத்தவில்லை என்று மாமா கோபித்துக்கொண்டு போனது இருந்தது. கையெழுத்து? யாரும் கேட்கவில்லை, நாங்களும் போடவில்லை. இந்த நாட்டுக்குள் வரும்போதுகூடப் பாஸ்போர்ட்டில் 'மனைவி' என்று போட்டிருந்ததே போதுமானதாக இருந்தது.

காகிதம் இல்லாமல் ஒரே வீட்டில் வாழ்கிறவர்கள் என்று அந்தத் தாடிக்காரர் சொன்னாரே... எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு ஜோடி இருக்கிறது. பதினெட்டு வருடமாக.