ஏழுமலைக்குப் பின்னால் நின்றவர்கள்

ஆம்பூரில் தோல் ஷெட்டும் ஃபினிஷிங்கும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்த கம்பெனியில் நான் யூனியன் செயலாளராக இருந்தபோது, கேட்டில் ஊதும் மெஷின் வந்தது. குடித்தவன் ஊதினால் கத்தும். கத்தினால் சஸ்பென்ஷன், பிறகு என்கொயரி, பிறகு வீடு. ஆளுக்கு ஒரு பைப் மாற்ற வேண்டும் என்று அட்டைப் பெட்டியிலேயே படம் போட்டிருந்தது. கம்பெனியின் சிக்கனத்தில் எல்லா வாய்க்கும் ஒரே பைப்.

முதலில் மாட்டியவன் டிரம் ஆபரேட்டர். அவன் குடிப்பவன்தான், யாரும் ஆச்சரியப்படவில்லை. அடுத்தவர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தவர். சாமி குத்தம் ஆகிவிடப் போகிறதே என்று அவரை எச்சரித்து விட்டுவிட்டார்கள். அப்போதுதான் யாரோ கவனித்துச் சொன்னார்கள், இரண்டு பேருமே வரிசையில் ஏழுமலைக்குப் பின்னால் நின்றவர்கள் என்று.

ஏழுமலை பச்சைத்தோலுக்கு உப்பு போடுகிறவன். அதிகம் பேச மாட்டான். அவன் ஊதினால் மெஷின் கம்மென்று இருக்கும். அடுத்தவன் ஊதினால் கத்தும். அவன் கூடவே ஏதோ பேய் வருகிறது என்று செய்தி பரவியது. இடித்துக்கொண்டு நிற்கும் வரிசையில் அவன் முதுகுக்குப் பின்னால் மட்டும் நாலு ஆள் அகலத்துக்குக் காலியாக இருக்கும். அவன் உள்ளே போய் மறைந்த பிறகும் யாரும் நகர மாட்டார்கள். செக்யூரிட்டி கன்னியப்பன் பைப்பை நீட்டியபடியே நிற்பார். நான் பேய் பிசாசை நம்பாதவன். ஆனாலும் ஒரு நாள் என் முறை வந்தபோது செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

ஜாஃபர் பாய் குனியவில்லை. மேல்விஷாரத்துக்காரர், ஃபினிஷிங்கில் ஸ்ப்ரே அடிப்பவர், வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாதவர். "படைச்சவன் இருக்கறப்ப இன்னாய்யா பயம்?" என்று போய் நின்றார். மெஷின் கத்தியது.

"ரத்தம் எடுத்துப் பாருங்க சார்" என்று கெஞ்சினார். "மெஷின் பொய் சொல்லாது பாய்" என்றார் எச்.ஆர். மேனேஜர். அன்றே சஸ்பென்ஷன். பள்ளிவாசலில் பக்கத்தில் நின்றவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்களாம். "டிஸ்மிஸ் ஆர்டர் வந்துச்சுன்னா நான் காலத்துக்கும் குடிகாரன்தான்" என்று என் வீட்டுக்கு வந்து அழுதார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

என்கொயரியில் அவருக்காக நான் ஆஜரானேன். கேட்டில் நடப்பதை அப்படியே இங்கே நடத்திக் காட்டச் சொன்னேன். கன்னியப்பன் பைப்பை நீட்ட, ஏழுமலை ஊதினான். சத்தமில்லை. "அடுத்து நீங்க ஊதுங்க சார்" என்று விசாரணை நடத்திய வக்கீலிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே ஊதினார். மெஷின் கத்தியது.

வக்கீல் பைப்பையும் ஏழுமலையையும் மாறி மாறிப் பார்த்தார். நான் கன்னியப்பனின் கையைப் பார்த்தேன். சானிடைசரில் நனைந்த கைக்குட்டை.

"ஏழுமலை ஊதினதும் பைப்பை ஏன் தொடைச்சீங்க?"

"நான் எங்க தொடைச்சேன்?" என்றவர் குனிந்து தன் கையைப் பார்த்தார். "எனக்கே தெரில சார். கை தானா போவுது."

வேறு யார் ஊதினாலும் போகாத கை அது. சானிடைசரில் இருப்பதும் ஆல்கஹால்தான். ஈரம் காய்வதற்குள் ஊதியவன் குடிகாரன் ஆனான். பயந்து தள்ளி நின்றவன் தப்பித்தான்.

வெளியே வந்ததும் ஏழுமலையைக் கேட்டேன். "உனக்கு முன்னயே தெரியுமாப்பா?"

"தெரியும்ணா. தெனமும்தான் தொடைக்கறாரு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"இதுல சொல்றதுக்கு இன்னாண்ணா இருக்கு? எங்காளுங்களுக்கு எங்க போனாலும் அப்படித்தான."

அவ்வளவு நாள் பேய்க்குச் சில்லிடாத என் முதுகு அப்போது சில்லிட்டது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஊதச் சொன்னால் புதுப் பைப் கேளுங்கள். கத்தினால் கொஞ்சம் பொறுத்து மறுபடி ஊதுங்கள், அன்றே ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். மெஷினை மட்டும் காட்டி வேலையைப் பிடுங்க விடாதீர்கள்.

ஜாஃபர் பாயைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். காரணம் 'கருவிக் கோளாறு' என்று ஆர்டரில் போட்டிருந்தது. கருவி சரியாகத்தான் இருந்தது.