ஆதரிப்போர் கரம் உயர்த்துக

இலங்கைக்குச் சுதந்திரம் வந்த கையோடு தோட்டத் தமிழர்களான எங்கள் ஓட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். நோர்வூட் பக்கத்திலிருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அதற்குப் பிறகு எங்களுக்கென்று மிஞ்சியது ஒரே ஒரு ஓட்டு. பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் கூடி, தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் இன்னொரு வருஷம் இருக்கட்டுமா வேண்டாமா என்று கை தூக்குவோம். அந்த ஒரு ஓட்டை வைத்து நான் என்ன செய்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன். நல்லவன் வேஷம் போட இந்த வயதில் எனக்குத் தெம்பில்லை.

தலைவர் என்றால் எங்களுக்கு நீதிபதி மாதிரி. வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பரா வீடுகள்தான் எங்கள் லயம். லயத்துச் சண்டைக்கு முதலில் கங்காணி தீர்ப்புச் சொல்வார். அது பிடிக்காதவர்கள் தலைவரிடம் அப்பீல் போவார்கள். கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன கை அவருக்கு. எழுத்துத் தெரியாது, ஆனால் பொய்யை மோப்பம் பிடித்துவிடுவார். ஏழு வருஷமாக அவரேதான். கொழுந்துத் தராசில் கள்ளம் என்று ஒரு தடவை மொத்தத் தோட்டத்தையும் வேலைக்குப் போகாமல் நிறுத்தினார். அன்றிலிருந்து தோட்டத்தை நடத்தும் துரைக்கு அவர்மேல் தீராத கறுவல். தலைவராக இருக்கும்வரை சங்கத்துக்குப் பயந்து துரை சும்மா இருப்பான். பதவி போனால் வேலையை விட்டு நிறுத்தும் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்துக் குடும்பத்தோடு விரட்டிவிடுவான். இது தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

எனக்கும் பக்கத்துக் காம்பராக்காரனுக்கும் லயத்துக்குப் பின்னால் முட்டைக்கோவாப் பாத்தி இருந்தது. நாலடி மண்ணுக்குத் தகராறு. கங்காணி என் பக்கம் சொன்னார். நான் வாங்கிக் கொடுத்த சாராயம் சொல்ல வைத்தது. அவன் அப்பீல் போனான். தலைவர் நேரே வந்து வேலிக் கம்புகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பிடுங்கிப் பார்த்தார்.

"மத்த கம்பெல்லாம் வேரு விட்டிருக்கு. இந்த நாலுல மட்டும் வேரையே காணோமே. எப்ப தம்பி நட்ட, முந்தாநேத்தா?"

சனம் சிரித்தது. அதோடு விட்டிருக்கலாம். பொய் சொன்னதற்காக, என் பிள்ளைகள் பார்க்க, பக்கத்துக் காம்பராக்காரன் பெண்சாதி காலில் விழுந்து கும்பிடச் சொன்னார். விழுந்தேன். வாய்க்குள் சேறு போனது. தீர்ப்பு சரிதான். சரியாக இருந்ததால்தான் எனக்கு அவ்வளவு எரிந்தது.

அடுத்த பொங்கலுக்கு அட்டனிலிருந்து சங்கத்தின் புதுப் பிரதிநிதி வந்தார். பழையவர், "என்ன, தலைவர் இருக்கட்டுமா?" என்று கேட்பார். "இருக்கட்டுங்க" என்று கைகள் எழும்பும். அவரும் வடை தின்றுவிட்டுப் போய்விடுவார். புதியவர் படித்தவர். அச்சடித்த தாளைப் பார்த்து மேடைத் தமிழில் வாசித்தார்: "தற்போதைய தலைவர் தமது பதவியினின்றும் விடுவிக்கப்படுவதை ஆதரிப்போர் கரம் உயர்த்துக."

சனத்தின் காதில் விழுந்தது 'தலைவர்', 'ஆதரிப்போர்' இரண்டும்தான். எனக்கு முழுசும் விளங்கியது. தோட்டத்தில் பத்திரிகை வாசித்துச் சொல்பவன் நான். மேடைப் பேச்சைப் பிரித்துச் சொல்பவனும் நான்தான். முன்னால் உட்கார்ந்திருந்த தலைவரின் பெண்சாதி திரும்பி என்னைக் கேட்டார்.

"என்னா தம்பி சொல்றாரு?"

"எப்பவும் கேக்குறதுதான் அக்கா. தூக்குங்க."

முதல் கை அவருடையது. பின்னாலேயே வாசல் முழுக்கக் கைகள். ஓரமாக நின்ற தலைவர் வழக்கம்போல எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார். பிரதிநிதி 'ஏகமனதாக' என்று புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். புதுத் தலைவர் தெரிவு அடுத்த மாதம் என்று அதே தமிழில் முணுமுணுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார். சனம் கை தட்டியது. நானும் தட்டினேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

புதன்கிழமை தோட்ட ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. கிளாக்கர் தமிழில் எழுதியிருந்தார். வாசிக்கச் சொல்லித் தலைவர் என்னைத்தான் கூப்பிட்டார். சங்கம் அவரை ஏகமனதாக நீக்கிவிட்டதாம்; பத்துச்சீட்டு தயாராம்; மாசக் கடைசிக்குள் காம்பராவைக் காலி செய்ய வேண்டுமாம். நிறுத்தி நிதானமாக வாசித்தேன்.

"ஏகமனதான்னா?"

"எல்லாரும்னு அர்த்தம் தலைவரே."

அவர் பெண்சாதி பக்கம் திரும்பினார். "மொதக் கை ஒன்னோடதுதானே? பாத்தேனே."

"நீங்க இருக்கணும்னுதாங்க தூக்குனேன்! இந்தத் தம்பிதான் தூக்கச் சொல்லுச்சு!"

அவர் என் முகத்தையே பார்த்தார். "நீ சொல்லு" என்றார்.

"வெலக்கணுமான்னு கேக்குறாருன்னு அக்காகிட்ட வெளக்கமா சொன்னேங்க."

வேலிக் கம்பில் பிடித்த மோப்பம் இதில் அவருக்குப் பிடிபடவில்லை. கடிதம் என் கையில் இருந்தது. எழுத்துத் தெரியாத மனிதருக்கு எழுத்தின்மேல் அவ்வளவு மரியாதை. "மாட்டிக்கிட்டா எல்லாரும் அடுத்தவன் மேலதான் போடுவாங்க" என்று பெண்சாதியிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

விஷயம் தெரிந்து சனம் ஓடிவந்தது. தப்பாக விளங்கிக்கொண்டோம், அட்டனுக்குப் போய்ப் பேசுவோம் என்று அழுதார்கள். "தூக்குன கை தூக்குனதுதான். போங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

அவர்கள் தோட்டத்தை விட்டுப் புறப்படுவதற்கு முதல் நாள் அந்த அம்மா என் காம்பரா வாசலில் வந்து நின்றார். "வேலை போனாப் போவுது தம்பி. அவரு எங்கிட்ட பேச மாட்டேங்குறாரு. நான் போடுற சோத்தத் தொட மாட்டேங்குறாரு. நடந்தத ஒரே ஒரு வார்த்த சொல்லிடுப்பா."

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லியே அக்கா" என்றேன்.

இறம்பொடைப் பக்கம் சொந்தக்காரர் தோட்டத்துக்குப் போனார்கள். சாகிறவரைக்கும் அவர் அந்த அம்மாவோடு பேசவில்லை என்று பிறகு ஒருத்தர் வந்து சொன்னார். கேட்ட அன்றைக்கு நான் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன்.