வெங்காயத்துக்கு நின்ற வரிசை

அந்த ஓவியருக்கு ஒரு பழக்கம். எதைப் பார்த்தாலும் இரண்டடி பின்வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொள்வார். கப்பலைவிட்டு இறங்கியதும் அந்தமானில் எங்கள் ஹேடோ துறைமுகத்தையே அப்படித்தான் பார்த்தார். ஒல்லியான உடம்பு, கதர் ஜிப்பா, வியர்வையில் நனைந்த தாடி. துறைமுக குமாஸ்தாவான நான்தான் அவருடைய மரப்பெட்டிகளை இறக்கிப் பள்ளிக்கூட மண்டபத்தில் சேர்த்தேன்.

மறுநாள் கண்காட்சி. காலையிலேயே வாசலில் நீண்ட வரிசை. “மெட்ராஸ்லகூட இவ்வளவு பேர் வந்ததில்ல சார்” என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லோர் கையிலும் பை இருந்ததை அவர் கவனிக்கவில்லை. கப்பல் பெட்டி எந்தக் கட்டடத்துக்குப் போகிறதோ அங்கே போய் வரிசையில் நிற்பது எங்கள் ஊர் வழக்கம். வாரக்கணக்காக வெங்காயம் வேறு கிடையாது. உள்ளே படம்தான் என்று நான் சொல்லியும் நம்பாமல் என் மனைவியும் நின்றிருந்தாள்.

கதவு திறந்ததும் முதலில் நுழைந்தவள் ஒரு மீனவப் பெண். சுவர் முழுக்க வெள்ளைத் துணிகள்; ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு கறுப்புப் புள்ளி.

“சார், பியாஜ் எங்க?”

“வெங்காயம் இல்லம்மா. இது ஓவியம். பேரு ‘பசி’.”

“பசிக்குத்தான சார் பையத் தூக்கிட்டு வந்திருக்கோம்.”

வரிசை கலைந்தது. அவள் மட்டும் மூலையில் கிடந்த காலிப் பெட்டிகளைத் தட்டிப் பார்த்தாள்.

“இந்தப் பலகையாச்சும் குடுங்க. கோழிக்கூடு அடிச்சுக்கிடுவேன்.”

“படத்தையெல்லாம் அதுலதானம்மா திருப்பி அனுப்பணும்.”

“யாருக்கு சார்?”

அவர் வழக்கம்போல இரண்டடி பின்வாங்கினார். அன்றைக்கு இரண்டு கண்களையும் மூடிக்கொண்டார்.