பூட்டாமல் விட்ட கதவு

அந்த ஹோட்டலில் இருந்து என் கைபேசிக்கு இதுவரை மூன்று தடவை தகவல் வந்துவிட்டது. எங்கள் சேவை எப்படி இருந்தது, ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை தருவீர்கள் என்று கேட்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகளும் விடுவதாக இல்லை. "நாக்கைப் புடுங்கிற மாதிரி நாலு வார்த்தை எழுதுங்கம்மா" என்கிறாள். எழுதத் தெரியாமல் இல்லை. பிரதேச செயலகத்தில் கிளார்க்காக இருந்து, ஊராரின் முறைப்பாடுகளைப் பதிந்து பதிந்தே தலை நரைத்தவள் நான். என் வாயைப் பற்றியும் ஊருக்குத் தெரியும். ஆனால் அந்தத் தகவலைத் திறந்தால் மட்டும் கை ஓடுவதில்லை.

அங்கே போனது சொகுசுக்கு அல்ல. என் கணவர் இறந்து ஒரு வருடம் நிறைந்திருந்தது. அவர் டைல்ஸ் பதிக்கும் மேசன். வாவிக்கரையில் அந்த ஹோட்டலைக் கட்டியபோது ஒரு மாரி முழுவதும் அங்கே முழங்காலில் நின்று தரை பதித்தார். திறந்த பிறகு ஒரு நாள் சும்மா பார்க்கப் போனவரைக் காவலாளி வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டான். வீட்டுக்கு வந்து சிரித்தார். "ஒரு நாளைக்குக் காசு குடுத்து உள்ளுக்குப் போய், ஆத்தப் பாத்துக்கொண்டு நண்டுக்கறியும் சோறும் தின்னுறன். அண்டைக்கு என்னண்டு மறிக்கிறாங்க எண்டு பாப்பம்" என்றார். வாவியை நாங்கள் பேச்சில் ஆறு என்றுதான் சொல்வோம்.

நண்டு என்றால் அவருக்கு உயிர். எவ்வளவு கொச்சிக்காய் அரைத்துப் போட்டாலும், காரம் போதவில்லை என்று, "உறைப்புக் காணாது" என்பார். சொல்லிக்கொண்டே இரண்டாம் தரமும் போட்டுக்கொள்வார். அது குறை அல்ல, அவர் பாராட்டும் விதமே அதுதான் என்று எனக்கு விளங்கப் பல வருடம் பிடித்தது.

கடைசி மாதங்களில் டொக்டர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். ஒரு புதன்கிழமை, நண்டு வேண்டும் என்று சின்னப்பிள்ளை மாதிரி அடம்பிடித்தார். எனக்குச் சினம் தலைக்கேறியது. "செத்தாப் பிறகு படைக்கிறன். இப்ப வாயை மூடிக்கொண்டு கஞ்சியைக் குடிங்க" என்றேன். அவர் கஞ்சியைக் குடித்தார். வெள்ளிக்கிழமை விடியும்போது அவர் இல்லை.

எங்கள் பக்கத்தில் செத்தவருக்குப் படைத்தால், அவருக்குப் பிடித்ததையெல்லாம் வைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவோம். சாத்துவோமே தவிரப் பூட்டமாட்டோம். வாசலின் உள்பக்கம் திருநீறு தூவியிருக்கும். ஆள் வந்து போனால் அதில் அடையாளம் தெரியும். எட்டாம் நாள் முருங்கையிலை போட்டு, கண்ணில் நீர் வரும் அளவுக்கு உறைப்பாக நண்டுக்கறி வைத்துப் படைத்தேன். கதவைத் திறந்தபோது திருநீறு தூவியது தூவியபடி கிடந்தது. கணவரின் அக்கா, என் மச்சாள், அந்தப் புதன்கிழமை குசினிக்குள் அடுப்படியில் நின்று நான் சொன்னதைக் கேட்டவர். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார்: "நீ சொன்ன சொல்லுக்கு அவன் எப்பிடிகா வருவான்?"

அந்த ஒரு வருடமும் நான் வாசல் கதவைப் பூட்டாமலே படுத்தேன். குசினியில் ஒரு பீங்கான் அசைந்தாலும் எழும்பிப் போய்ப் பார்ப்பேன். பூனைதான். அது பூனைதான் என்று தெரிந்துகொண்டே மறுபடியும் எழும்பிப் போவேன். சாமி கும்பிடும்போது மற்றவர்கள் வரம் கேட்பார்கள். ஒருக்கால் வந்து தின்றுவிட்டுப் போங்கள் என்று நான் அவரிடம் கேட்பேன்.

வருடம் முடிந்து ஆட்டைத் திவசம் வந்தபோது மகள்தான் சொன்னாள், அப்பா ஆசைப்பட்ட இடத்திலேயே படையுங்கள் என்று. வெளிநாட்டில் இருந்தே அறையைப் பதிந்து, காசும் கட்டிவிட்டாள். ஐயரை வைத்துச் செய்ய வேண்டியதை வீட்டில் காலையிலேயே முடித்துக்கொண்டு, களுவாஞ்சிக்குடியில் இருந்து வந்திருந்த மச்சாளையும் கூட்டிக்கொண்டு போனேன். மச்சாள் தன் கண்ணால் காணாவிட்டால் எனக்கு விடுதலை இல்லை.

அந்த ஹோட்டலின் சீரைச் சொல்லவா? இரண்டு மணிக்குத் தருவதாகச் சொன்ன அறைக்காக மூன்றரை வரை ஒரு கதிரையில் உட்கார வைத்தார்கள். குடிக்கத் தந்தது நிறம் போட்ட சீனித்தண்ணீர். வாவியைப் பார்த்த அறை என்று காசு வாங்கியவர்கள், ஜெனரேட்டரைப் பார்த்த அறையைக் காட்டினார்கள். நான் வாயைத் திறந்தேன். அறை மாறியது. மாறிய அறையில் துவாய் இல்லை. தொலைபேசியில் ஐந்து தடவை கேட்டேன். "ஃபைவ் மினிட்ஸ் மேடம்" என்று ஐந்து தடவையும் தேன் ஒழுகப் பதில் வந்தது. மச்சாள் முகத்தைக் கழுவிவிட்டுச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். "ஊர் ஆசுபத்திரி வார்ட்டு இதுக்குப் பரவாயில்லகா" என்றார்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் நடந்தேன். எந்தத் தரை ஓட்டில் அவருடைய கை பட்டது என்று எனக்குத் தெரியாது.

நண்டுக்கறிக்கு முதல் நாளே சொல்லியிருந்தோம். தக்காளிச் சோசில் மிதந்துகொண்டு, பச்சையும் சிவப்புமாகக் குடைமிளகாய் வெட்டிப்போட்டு ஒன்று வந்தது. திருப்பி அனுப்பினேன். அடுத்தது வெள்ளைப் பால்கறி, வாயில் வைத்தால் இனித்தது. முருங்கையிலை கேட்டதற்குப் பரிசாரகர் கையை விரித்தார். அதற்குள் அந்தியாகிவிட்டது. அதற்குமேல் சண்டை பிடிக்க எனக்கும் தெம்பில்லை. செத்தாப் பிறகு படைக்கிறேன் என்று சொன்ன வாய்க்குக் கடவுள் தந்த நண்டு இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் இருந்து கொண்டுபோன அவருடைய எவர்சில்வர் தட்டில் சோறும் கறியும் போட்டு, செம்பில் தண்ணீர் வைத்து, வாவி தெரியும் கண்ணாடிக்கு முன்னால் படைத்தோம். வாசலில் திருநீறு தூவினோம். பிறகுதான் பார்த்தோம், அது சாத்தியவுடன் தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு. "பூட்டின கதவுக்கால தம்பி எப்பிடிகா வருவான்?" என்றார் மச்சாள். தன் செருப்பில் ஒன்றைக் கதவிடுக்கில் செருகி வைத்துவிட்டு, மற்றதையும் அங்கேயே விட்டு, வெறுங்காலோடு என்னுடன் வந்தார்.

நடைபாதையில் நின்றால் வருகிறவர் போகிறவர் எல்லாம் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அதனால் கீழே இறங்கி வாவிக்கரையில் நின்றோம். அக்கரை இருண்டுகொண்டு வந்தது. ஒரு தோணி சத்தமில்லாமல் போனது. அதில் இருந்தவரின் முதுகு என் கணவருடைய முதுகு மாதிரியே கூனியிருந்தது. மச்சாளும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தோம். செருப்பு வைத்த இடத்திலேயே இருந்தது. உள்ளே இருந்தால் கேட்கட்டும் என்று தொண்டையைச் செருமிவிட்டுக் கதவைத் தள்ளினேன்.

தட்டு வெறுமையாக இருந்தது. ஒரு பருக்கை இல்லை. நண்டின் கோதுகூட இல்லை. செம்பில் தண்ணீர் பாதிக்குமேல் குறைந்திருந்தது. தூவிய திருநீற்றில் வெறுங்கால் அடையாளம் இரண்டு பதிந்திருந்தது.

மச்சாள் அப்படியே தரையில் இருந்துவிட்டார். பிறகு எழும்பி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். "வந்திற்றான்கா. வந்து தின்றிற்றுப் போயிற்றான். உன்னோட அவனுக்கு ஒரு கோவமும் இல்ல. நான்தான் பாவி, சபைக்குள்ள வைச்சு அப்பிடிச் சொல்லிப்போட்டன்" என்றார். ஒரு வருடமாக நெஞ்சில் கிடந்த கல் அந்த இடத்திலேயே இறங்கியது. நானும் வாய்விட்டு அழுதேன்.

அழுதபடியே மச்சாளின் தோளுக்கு மேலால் பார்த்தேன். கட்டிலில் இரண்டு வெள்ளைத் துவாய்கள் அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தன.

ஐந்து தடவை கூப்பிட்டும் வராத சேவை அந்த அரை மணி நேரத்துக்குள் வந்து போயிருக்கிறது. கீழே போய் அந்த ஹோட்டலையே இரண்டாக்கிவிட்டு வரலாம் போல இருந்தது. ஆனால் மச்சாளின் முகத்தைப் பார்த்தேன். தம்பி செத்த நாளில் இருந்து அந்த முகத்தில் காணாத அமைதி இருந்தது. அவர் முகம் கழுவப் போனதும் துவாய்களை எடுத்து அலுமாரிக்குள் ஒளித்து வைத்தேன். அவர் மறுபடியும் சேலைத் தலைப்பில்தான் துடைத்துக்கொண்டார்.

காலையில் புறப்படும்போது, கோட்டு அணிந்த அதிகாரி ஒருவர் ஏதும் குறை உண்டா என்று கேட்டார். நான் இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் மச்சாள் முந்திக்கொண்டார். "நேத்துப் பகல் கேட்ட துவாய் இன்னும் வரல்ல." அதிகாரி எங்கள் மாடிக்குப் பொறுப்பான துப்புரவுப் பெண்ணைக் கூப்பிட்டார். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். துவாய் கொடுத்தாயா என்று எங்கள் முன்னாலேயே கேட்டார். அவள் மச்சாளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மறந்து போனன் சேர்" என்றாள்.

அதிகாரி அவளுக்குக் கொடுத்த ஏச்சை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. ஊர் முழுக்க வாய்க்காரி என்று பேரெடுத்த நான், ஒரு சொல்லும் பேசாமல் நின்றேன். என்னை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

மச்சாளை ஆட்டோவில் ஏற்றி இருத்திவிட்டு, மூக்குக்கண்ணாடியை விட்டுவிட்டேன் என்று பொய் சொல்லித் திரும்பினேன். துவாய் வந்தது, நான்தான் அலுமாரிக்குள் வைத்து மறந்துவிட்டேன், அந்தப் பிள்ளையில் பிழை இல்லை என்று அதிகாரியிடம் சொன்னேன். "பரவாயில்லை மேடம்" என்று சிரித்தார். அவளிடம் அதைச் சொல்லுவார் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. நானே மேலே போனேன்.

அவள் எங்கள் அறையில்தான் நின்றாள். அலுமாரி திறந்திருந்தது. துவாய்கள் அவள் கையில் இருந்தன.

"மற்ற அம்மாவுக்குத் தெரியக்கூடாது எண்டுதானே அம்மா ஒளிச்சு வைச்ச நீங்க?" என்றாள். "உங்கட முகத்தைக் கண்டதும் விளங்கிற்று."

"கீழ உண்மையைச் சொல்லிற்றுத்தான் வாறன் புள்ள" என்றேன். அதற்கு மேல் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அந்தச் சோத்த என்ன செஞ்ச?"

அவள் தரையைப் பார்த்தாள். "துவாய் வைக்க வந்த இடத்தில, விட்ட சாப்பாடாக்கும் எண்டு தட்டைத் தூக்கிற்றன். வாசலடிக்கு வந்த பிறகுதான் காலடியில திருநீறக் கண்ட நான். நானும் இந்தப் பக்கம் வவுணதீவுதானே அம்மா, எனக்குத் தெரியாதா? கைபட்டதத் திரும்ப வைக்கவும் ஏலாது. குப்பையில கொட்டவும் மனம் வரல்ல. உங்கட ஆளைப் பட்டினி போட்ட மாதிரிப் போயிரும். அதான் செருப்பக் கழட்டி வைச்சிற்று, அந்த இடத்திலேயே இருந்து நானே தின்ற நான். கோதை மட்டும் அள்ளிக்கொண்டு போன நான். கோவிக்காதீங்க."

நான் கட்டிலில் இருந்துவிட்டேன். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. கண்ணாடிக்கு வெளியே வாவி வெயிலில் கிடந்தது. "கறி நல்லா இருந்ததா?" என்று கேட்டேன்.

வேலை செய்யும் இடத்தைக் குறை சொல்லவும் அவளுக்குப் பயம், பொய் சொல்லவும் பயம். அவள் துவாய்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருந்தது அம்மா" என்றாள். "உறைப்புத்தான் காணாது."