சட்டைப் பையில் மல்லிப் பூ

பள்ளிக்கூடத்தில் நான் பி.டி. வாத்தியார். விசில் ஊதினால் மைதானமே அப்படியே நிற்கும். அந்தத் திமிரை வீட்டுக்கும் எடுத்து வந்துவிட்டேன் என்று இப்போது தெரிகிறது. அப்போது அதற்குக் கண்டிப்பு என்று பெயர் வைத்திருந்தேன்.

திண்டிவனத்து வெயிலில் வெந்த எனக்கு, பனிச்சறுக்கு வீடியோ பார்ப்பதில் ஒரு கிறுக்கு. எவனோ இரண்டு கட்டையைக் காலில் மாட்டிக்கொண்டு மலையிலிருந்து சர்ரென்று இறங்குவான். நான் சோற்றில் கை வைத்தபடி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன். "இந்த வயசுல காலை ஒடச்சிக்கணும்னு இன்னா வேண்டுதலா?" என்று மனைவி கேலி செய்வாள். மகளுக்குக் கல்யாணமாகி வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் மிஞ்சிய பிறகு, ஒருநாள் அவளே போய்வரலாம் என்றாள்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த டிராவல்ஸ்காரர் இரண்டு ஊர்களைச் சொன்னார். ஒன்று காஷ்மீரில் குல்மார்க். இன்னொன்று உத்தராகண்டில் ஔலி. "ரெண்டும் பனிதான் சார், எது வேணும்னு ஜல்தியா சொல்லுங்க, சீட்டு போயிடும்" என்றார்.

எனக்குக் குல்மார்க்தான். ஏன் என்றால், வீடியோவில் பார்த்தது அந்தச் சரிவைத்தான். அவளுக்கு ஔலி. அதற்குக் காரணம் இருந்தது. ஹரித்வார் வழியாகத்தான் அங்கே போக வேண்டும். போன வருடம் இறந்துபோன என் மாமியார், கங்கையில் ஒரு முழுக்குப் போட வேண்டும் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தவர். பாண்டிச்சேரியைத் தாண்டி எங்கேயும் போனதில்லை.

"ஹரித்வார்ல எறங்கி அம்மாவுக்கு ஒரு முழுக்கு போட்டுகினு அப்பால மேல போலாங்க. அரை நாள்தான் ஆவும்" என்றாள்.

"டூருக்குப் போறமா, திவசத்துக்குப் போறமா?" என்றேன்.

அவள் எழுந்து போய்த் துணி மடித்தாள். அந்தப் பேச்சை இப்போது நினைத்தாலும் எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

மூன்று நாள் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. டிராவல்ஸ்காரர் போன்மேல் போன் போட்டார். கடைசியில் அவள், "மயிலத்துக்குப் போய் பூ கட்டிப் பாத்துடலாம். முருகன் சொல்றத கேட்டுக்கலாம்" என்றாள். அவள் வீட்டில் எல்லாவற்றுக்கும் இதுதான் வழக்கம். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை இன்னொன்றிலும் இலையில் மடித்துக் கட்டி, சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வருகிற பூதான் தீர்ப்பு. இரண்டு மாப்பிள்ளைகளில் என்னை அவள் கட்டிக்கொண்டதே அப்படி வந்த ஒரு வெள்ளைப் பூவை நம்பித்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் போனோம். வெள்ளை வந்தால் ஔலி, சிவப்பு வந்தால் குல்மார்க் என்று பேச்சு. அடிவாரத்தில் கொஞ்சம் மல்லியும் சிவப்பு அரளியும் வாங்கினோம். "நீங்க பொட்டலம் கட்டுங்க, நான் அர்ச்சனைச் சீட்டு வாங்கிகினு வர்றேன்" என்று மேலே மண்டபத்தில் என்னை உட்கார வைத்துவிட்டு வரிசைக்குப் போனாள்.

யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. யோசிக்காமல் செய்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். இரண்டு இலையிலும் அரளியையே வைத்து மடித்தேன். மல்லியை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

சாமி கும்பிட வந்த ஒரு சின்னப் பெண் பொட்டலத்தை எடுத்தாள். சிவப்பு. என் மனைவி அதைக் கையில் வைத்துச் சிறிது நேரம் பார்த்தாள், முகத்தருகே கொண்டுபோனாள், பிறகு கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "சரிங்க, குல்மார்க்குக்கே போடுங்க" என்றாள். மிச்சமிருந்த பொட்டலத்தை நான் அவசரமாக எடுத்துப் படிக்கட்டு ஓரத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

குல்மார்க்கில் நான் சறுக்கியதைவிட விழுந்ததுதான் அதிகம். கற்றுக்கொடுக்க வந்தவர் என்னைத் தூக்கி நிறுத்தியே களைத்துப்போனார். ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தேன், அதை மறைக்கவில்லை. இரண்டாம் நாள் திரும்பிப் பார்த்தபோது, மனைவி ஓரமாக நின்று தலையில் கட்டியிருந்த மப்ளரை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். குனிந்து இரண்டு கையாலும் பனியை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டாள். ஒருமுறை அல்ல, மூன்று முறை. திண்டிவனத்தில் மார்கழிப் பனிக்கே காதைப் பொத்துகிறவள் இவள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வீடியோ எடுத்து, 'அம்மாவுக்குக் குளிர் விட்டுப்போச்சு' என்று எழுதிக் குடும்ப குரூப்பில் போட்டேன். மகள் சிரிக்கிற பொம்மை நாலு அனுப்பினாள்.

ஊருக்கு வந்த பிறகு திருவாமாத்தூருக்குப் போவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அவள் பிறந்த ஊர் அது. அங்கே கோயிலில் வட்டப்பாறை என்று ஒரு கல் உண்டு. அதற்கு முன்னால் நின்று பொய் சொன்னவன் தப்ப மாட்டான் என்பது ஊர்ப் பேச்சு. வழக்கு வம்பு என்றால் அங்கேதான் சத்தியம் கேட்பார்கள். நான் பயப்படுகிற ஆள் இல்லை. ஆனால் ஒருமுறை மூட்டு வலி என்றேன், ஒருமுறை ஸ்போர்ட்ஸ் டே என்றேன்.

மாமியாரின் வருடத் திதிக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. திதி முடிந்து கோயிலுக்குப் போனோம். பாறை முன்னால் அவள் கை கூப்பி நின்றாள். கூட்டமில்லை. என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அன்னிக்கு மயிலத்துல ரெண்டு பொட்டலத்துலயும் நான் அரளியதான் வச்சேன்."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "தெரியும்."

"எப்படி?"

"பொட்டலத்துல மல்லி வாசன இல்ல. உங்க சட்டப் பையிலேர்ந்துதான் வந்துகினு இருந்துது. அப்பால தொவைக்கும்போது பூவும் கெடச்சிது."

"அப்பவே கேட்டிருக்கலாமே?"

"கேட்டா நீங்க இல்லன்னு சொல்லுவீங்க. சாமி எதுர்ல ஒரு பொய் போதும்னு வுட்டுட்டேன்."

பக்கத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு, "இந்த வருஷம் ஹரித்வார் போலாம். அம்மாவுக்கு முழுக்குப் போட்டுடலாம்" என்றேன்.

"அது ஆயிப்போச்சி" என்றாள். "பனி உருகிதான கங்கை வருது? எந்த மலையா இருந்தா இன்னான்னு அங்கியே மூணு வாட்டி தலையில போட்டுகினு அம்மாவ நெனச்சிகினேன். நீங்ககூட வீடியோ எடுத்தீங்களே."

வீட்டுக்கு வந்து அந்த வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறை பனியை அள்ளும்போதும் அவள் வாய் அசைகிறது. என்ன சொல்கிறாள் என்று கேட்க, போனைக் காதோடு வைத்துப் பார்த்தேன். என் சிரிப்புச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது.