சுவரைப் பார்த்து உட்கார்ந்த மதியம்

போன ஆடியில், சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் நடந்தது இது. காற்றில் மரம் சாய்ந்து ஒரு நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. மறுநாள் மதியம் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார். விசைத்தறிகளுக்குக் கம்ப்யூட்டரில் சேலை பார்டர் வரைந்து கொடுப்பவர்.

"ஏட்டி, நீ கம்ப்யூட்டர் படிச்சவதானே? என் டிஸ்க் தொறக்கவே மாட்டேங்கு. கடையில கேட்டா எல்லாத்தையும் அழிச்சு ஃபார்மட் பண்ணணுங்கான்."

தீபாவளிச் சேலைகளுக்காக மாதக்கணக்கில் வரைந்த பார்டர்கள் மொத்தமும் அதில்தான். முன்பு ஒருமுறை அவர் டிசைன் வேறு தறிக்குப் போய்விட்டதால், டிஸ்க் முழுவதையும் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருந்தார். வேறு பிரதியும் கிடையாது. சாயங்காலம் தறிக்காரர் வந்து நிற்பார்.

எனக்கோ, சொன்னால் திட்டுவீர்கள், பயத்தைவிட ஆர்வம்தான் அதிகம். இப்படிப் பூட்டிய டிஸ்க்கின் ஆரம்பத்தில், பாஸ்வேர்டை ஏற்றுப் பூட்டைத் திறக்கும் ஒரு சின்னப் பகுதி உண்டு. கரண்ட் போகும்போது அது கெட்டிருந்தால், சரியான பாஸ்வேர்டு போட்டாலும் உள்ளே இருப்பதெல்லாம் குப்பை. அவர் வீட்டுக்குப் போய், அவர் கம்ப்யூட்டரில் பென் டிரைவிலிருந்து லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்தை ஏற்றி, டிஸ்க்கில் எதையும் எழுதாமல் அதைப் படித்துப் பார்த்தேன். சேதமே இல்லை! பூட்டு நன்றாக இருக்கிறது, சாவிதான் சேரவில்லை. ஏன்?

"பாஸ்வேர்டைச் சொல்லுங்கக்கா, நான் அடிச்சுப் பாக்கேன்."

"ஒங்கிட்டகூட சொல்ல மாட்டேன். அங்கிட்டுத் திரும்பு."

சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். பின்னால் டக்டக் சத்தம். தப்பு என்றது. மறுபடி அடித்தார். மறுபடியும் தப்பு. பார்க்க ஒன்றுமில்லாததால் அடுத்த முறை என் காது விழித்துக்கொண்டது. பாதியில் சின்ன இடைவெளி. பிறகு வேறு இடத்திலிருந்து, கொஞ்சம் கனத்த டக்டக்.

"அக்கா, நம்பரையெல்லாம் வலது ஓரத்துக் கட்டத்துலயா அடிக்கீங்க?"

"ஏட்டி, திரும்பிப் பாத்தியா நீ?"

"இல்லக்கா, காதுல விழுந்துச்சு."

கீபோர்டைப் பார்த்தேன். நம்லாக் விளக்கு எரியவில்லை. அது எரியாவிட்டால் அந்தக் கட்டத்தில் எண்ணே விழாது. அடிப்பது திரையில் தெரியாததால் அவருக்கும் புரியவில்லை. கரண்ட் இல்லாதபோதும் அமைப்புகளைக் காக்க மதர்போர்டில் இருக்கும் காசளவு பேட்டரி எப்போதோ செத்திருக்கிறது. சுவர் பிளக்கில் கரண்ட் இருந்தவரை அது வெளியே தெரியவில்லை. ஒரு நாள் கரண்ட் நின்றதும் கம்ப்யூட்டர் தன் அமைப்பையெல்லாம் மறந்துவிட்டது. தானாக எரிய வேண்டிய அந்த விளக்கையும் சேர்த்துத்தான். கம்ப்யூட்டர் கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருந்ததைப் பார்த்தும் நான் யோசிக்கவில்லை பாருங்கள்!

நம்லாக்கை அழுத்திவிட்டு மறுபடி சுவரைப் பார்த்தேன். டக்டக். பிறகு அக்கா மூக்கை உறிஞ்சினார். திரும்பினால், திரை நிறைய மயிலும் மாங்காயுமாகப் பார்டர்கள்.

"இந்த மயிலு வேற எவ சேலையிலயாவது ஆடிச்சு, ஒன்னத்தான் பிடிப்பேன்" என்றார். ஆனால் அன்றைக்கே பூட்டிய பிரதி ஒன்றை எங்கள் வீட்டில் வைக்கச் சொல்லிக் கொடுத்தும் விட்டார்.

இப்போதும் யாராவது "டிஸ்க் போச்சு" என்று வந்தால், அவர்கள் எப்போதும் செய்வதைப் போலவே ஒருமுறை திறந்து காட்டச் சொல்லிவிட்டு, முதலில் நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறேன்.