ரிசைன், ரிடையர்

அன்று மாலை திருமங்கலம் வீட்டில் அப்பா, அம்மா, மாமா, நான் இருந்தோம். வருவதாகச் சொன்ன யூனியன் தலைவர் வரவில்லை. யாரும் கூப்பிடாத ஒருவர் வந்தார்: மில்லின் டைம் ஆபீஸ் கிளார்க். சங்கு ஊதி மூன்று நிமிஷம் பிந்தினாலும் அரை நாள் சம்பளத்தை வெட்டிவிடுகிற மனிதர். இருபத்திரண்டு வருஷமாக அப்பா அவரிடம் வெட்டு வாங்கியவர்.

மதுரையில் மில்கள் நொடித்துக்கொண்டிருந்த தொண்ணூறுகளின் கடைசி. தானாக முன்வந்து ஓய்வு பெறுபவருக்கு பி.எஃப்., கிராஜுவிட்டி போக ஒரு தொகை கூடுதலாகத் தருவதாக நிர்வாகம் அறிவித்திருந்தது. மறுநாள்தான் கடைசி நாள். ஆபீசில் டைப் அடித்துக் கொடுத்த இங்கிலீஷ் கடிதத்தில் அப்பா கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

கிளார்க் உட்காரவில்லை. "இதுல ரிசைன்னு இருக்கு. அது நீங்களா வேலைய விட்டுட்டுப் போறது. ரிடையர்னா அவங்க திட்டப்படி போறது. மாத்தி எழுதிக் குடுங்கண்ணே," என்றார். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

"மூணு நிமிஷத்த விட்டுக்குடுக்காத ஆளு, பஸ்சுக்குக் காசு குடுத்து இம்புட்டு தூரம் வாரான்னா சும்மாவா மாப்ள?" என்றார் மாமா. "நாளைக் கடத்தப் பாக்குறான். இத்தன பேருக்குத்தான் பணம்னு கணக்கு இருக்கும்; திட்டத்துல ஒங்க எடத்துல அவன் மச்சினன நொழைக்கத்தான்."

"பொய் சொல்ற மூஞ்சியாத் தெரியலயே," என்றாள் அம்மா.

"ஆமா, நீ மூஞ்சி பாத்தே சம்பளம் போடுவ," என்றார் மாமா.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அகராதியைப் பிரித்தேன். ஒன்றுக்கு விலகுதல் என்றிருந்தது; மற்றதற்கு ஓய்வு பெறுதல், விலகுதல் என்று இரண்டும். எனக்கும் அந்த ஆள் மேல் சந்தேகம் இருந்ததால் எனக்கு வேண்டியதுதான் கண்ணில் பட்டது. "ரெண்டும் ஒண்ணுதாம்ப்பா, போடுங்க," என்றேன். அப்பா போட்டார்.

கூடுதல் தொகையைக் கேட்கப் போனபோது அந்தக் கடிதத்தையே எடுத்துக் காட்டினார்களாம். கிளார்க்குக்கு மச்சினனே கிடையாது என்பதும் பிறகுதான் தெரிந்தது. இப்போது நானும் ஓர் ஆபீசில் கடிதங்கள் டைப் அடிக்கிறேன். அன்றைக்கு நாங்கள் சந்தேகப்படாமல் இல்லை. அள்ளி அள்ளிப் பட்டோம். அதில் ஒரு துளிகூடக் கடிதத்தை எழுதியவர்கள் மேல் படவில்லை.

அதே வருஷ சர்வீசும் அதே சம்பளமும் உள்ள அடுத்த தெருக்காரர் ரிடையர் என்று எழுதிக் கொடுத்திருந்தார். கூடுதலாக எம்புட்டு வந்தது என்று அப்பாவே அவரிடம் போய்க் கேட்டு வந்தார். எண்பத்து நாலாயிரத்து அறுநூறு ரூபாய்.